டல் மேக்கப்

அன்புள்ள சார்,

போன சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் நண்பர்களோடு மௌனப்படக் காமெடியன் பஸ்டர் கீட்டனின் 'காலேஜ்' (1927) பார்த்தேன். எங்கள் டீமில் இருக்கும் அமெரிக்கர் ஒருவரும் வீடியோ காலில் சேர்ந்துகொண்டார். கறுப்பினத்தவருக்கான வெயிட்டர் வேலை ஒன்றில் சேர, கீட்டன் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு போகிறார். பூச்சு கலைந்து குட்டு வெளிப்படுகிறது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அமெரிக்கர் மட்டும் சிரிக்கவில்லை, இது அவமதிப்பு என்றார். ஏறக்குறைய நூறு வருஷப் பழைய காமெடியை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா? அந்தக் காலத்தில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையே. தவிர, நமக்கு அந்த அடிமை வரலாறே கிடையாது. நாம் சிரித்தால் என்ன?

(பெயர் வேண்டாம் என்கிறார்)
வேளச்சேரி

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் பதில் போடுவதில்லை. சரியா தப்பா என்று தீர்ப்புக் கேட்கிறவர்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதம் வந்த நேரம், பரணிலிருந்து இறக்கிய அப்பாவின் மேக்கப் பெட்டி என் மேஜை மேல் இருந்தது. அதனால் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் ஒரு திட்டு. "அந்தக் காலத்தில் யாரும்" என்று எழுதியிருக்கிறீர்களே, யார் அந்த யாரும்? 1848-லேயே ஃப்ரெடரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர், தன் பத்திரிகையில் இந்தக் கரிபூசிக் கூத்தாடிகளை வெள்ளைச் சமூகத்தின் கசடு என்று எழுதினார். இயற்கை தங்களுக்குக் கொடுக்காத நிறத்தை எங்களிடமிருந்து திருடிக் காசு பண்ணுகிறார்கள் என்றார். உங்கள் கீட்டன் படத்துக்கு 79 வருஷம் முன்னால். தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்காரர் 1830-களில் கரி பூசி ஆடிய கோமாளியின் பெயர் ஜிம் க்ரோ. கறுப்பர்களைத் தனிப் பெட்டியில், தனிப் பள்ளியில் ஒதுக்கிவைத்த அமெரிக்கச் சட்டங்களுக்குப் பிற்பாடு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெர்ட் வில்லியம்ஸ் பிறப்பிலேயே கறுப்பர், பெரிய நகைச்சுவை நடிகர். அவரும் மேடையேறக் கரி பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆக, சிரிக்காதவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களை யாரும் வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கீட்டன் மனதில் வெறுப்பு இருந்ததா என்ற ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். அவர் மேதை. அந்தக் காட்சி மட்டம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "நமக்கு" என்ற சொல்தான். நமக்கு அந்த வரலாறு இல்லையாம்!

அப்பா வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் மேக்கப் அசிஸ்டென்ட். எங்கள் வீடு சாலிகிராமம். கோடம்பாக்கத்தில் இன்றைக்கும் ஒரு சொல் உண்டு: டல் மேக்கப். சிவந்த கதாநாயகி கூலிக்காரியாகவோ மீன்காரியாகவோ நடித்தால் அவருக்குப் போடுவது. பேட்டிகளில் நீங்களும் படித்திருப்பீர்கள், "இந்தப் படத்துக்காக டல் மேக்கப் போட்டு நடித்தேன்" என்று, என்னமோ நெருப்பு மிதித்த மாதிரி சொல்வார்கள். கறுப்பு என்று கூட வாயால் சொல்ல மாட்டார்கள். டல். விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் டல். ஜுரம் வந்தால் டல். என் அம்மா, என் அக்கா, பத்திரிகை போடும் பையன், நான், எல்லோரும் டல்.

ஒருமுறை அப்பா ஒரு நாயகிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து டல் மேக்கப் போட்டார். கல் உடைக்கிற பெண் வேஷம். ஷாட்டில் அவருக்குப் பின்னால் பதினைந்து ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் கூடையோடு நடந்தார்கள். அத்தனை பேரும் அசல் கறுப்பு. அப்பாவுக்கு அதில் ஒரு தொழில்முறைக் குறை உண்டு. "அவங்களுக்கு ஆளுக்கு ஒரு பஃப் பவுடர் கூடக் கிடையாதுடா, ஏன்னு கேட்டா அவங்களுக்கு எதுக்குங்கறான்" என்பார். அந்தப் பதினைந்தில் ஒருத்தியை முன்னால் நிறுத்தி வசனம் கொடுத்திருக்கலாமே என்று அவருக்கும் தோன்றவில்லை. எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது. தோன்றியதிலிருந்து எந்தப் படத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

'நானும் ஒரு பெண்' (1963) வேறு ரகம் என்பீர்கள். ஆமாம், கறுத்த பெண்ணின் பக்கம் நின்ற படம். "கண்ணா கருமை நிறக் கண்ணா" ரேடியோவில் வந்தால் அம்மா அடுப்பைத் தணித்துவிடுவாள். விஜயகுமாரி பிரமாதமாகச் செய்திருந்தார். ஆனால் அவருக்கும் கறுப்புப் பூசித்தான் அந்த அழுகையை அழவைத்தார்கள். கறுப்பாயிருப்பதன் துக்கத்தை நடிக்கவும் நம்மிடம் கறுப்பாக ஆள் இல்லை, தமிழ்நாட்டில்!

1974. அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். ஃபேர் அண்ட் லவ்லி இன்னும் கடைக்கு வராத காலம். அக்கா அப்பாவை உரித்து வைத்த மாதிரி கறுப்பு. அப்பா பெட்டியைத் திறந்து பேன்கேக்கை, முகத்துக்குப் போடும் பூச்சை, எடுத்தார். ஸ்பாஞ்சை நனைத்து நெற்றியிலிருந்து தொடங்கினார். முகத்துக்குப் போட்டால் காதுக்குப் பின்னாலும் போட வேண்டும், கழுத்தை விட்டால் கண்டின்யூட்டி போச்சு என்பது அவர் பாடம். கழுத்து வரை வந்தபோது டப்பா காலி. கைக்கு இல்லை. புடவைத் தலைப்பால் மூடிக்கொள் என்றார்.

காபி டம்ளரை எப்படித் தலைப்புக்குள்ளிருந்து நீட்டுவது? மாப்பிள்ளையின் பெரியம்மா டம்ளரை வாங்காமல் அந்தக் கையையே பார்த்தாள். "முகம் உன்னுது, கை யாரோடதும்மா?" கூடம் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பதினாறு வயசு, நானும் சிரித்தேன்.

கீட்டனுக்குப் பூச்சு கலைந்தால் வெள்ளைக்காரர் வெளியே வருவார். அக்காவுக்குக் கலைந்தால் அக்காதான் வருவாள். ராத்திரி தேங்காயெண்ணெய் போட்டு அவளே துடைத்துக்கொண்டாள்.

அப்புறமாவது புத்தி வந்ததா? 2007-ல் 'சிவாஜி'யை வடபழனி கமலாவில் பார்த்தேன். இரண்டு பெண்களுக்குக் கறுப்புப் பூசி நிறுத்தியிருந்தார்கள். அவர்களைக் கண்டு மிரளுவதுதான் காமெடி. பெயர் அங்கவை, சங்கவை. பாரிமகளிரின் பெயர், தம்பி! அப்பனையும் குன்றையும் இழந்த அந்தப் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றார் கபிலர். இரண்டாயிரம் வருஷம் கழித்தும் நாம் அவர்களைத் தட்டிக்கழிக்கிறோம். அதற்கும் நான் சிரித்தேன், மறைப்பானேன். அதே படத்தில் நாயகனை ஒரு பாட்டு முழுக்க வெள்ளைக்காரராக்கிக் காட்டியபோது கைதட்டவும் தட்டினேன்.

உங்கள் கேள்வி என்ன? ஆங், பழைய படத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா. அளங்கள். படத்தை ஒளித்துவைக்க வேண்டாம், அந்தக் காட்சியை வெட்டவும் வேண்டாம். அவமதிப்புதான், அமெரிக்கர் சொன்னது சரி. அவரிடம் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.

நேற்று அக்கா வந்திருந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள். பிறகு, "இந்தப் பையனுக்கு வீட்ல பொண்ணு பாக்கறாங்களாமா?" என்றாள்.