ஒரு பேஸ் தரையைத் தொட்டால்…

கேள்வி: ஒரே 110 கிலோவோல்ட் அமைப்பில், ஒரு பேஸ் எர்த் ஃபால்ட் கரண்ட் சில இடங்களில் மூன்று பேஸ் ஃபால்ட்டைவிடக் கூடுதலாகவும் சில இடங்களில் குறைவாகவும் வருகிறது. கணக்கில் பிழையா?

பதில்: இல்லை, இரண்டும் சரியாக இருக்கலாம். 1918-இல் பொறியாளர் ஃபோர்ட்டெஸ்கியூ காட்டிய முறைப்படி, சமனற்ற கரண்ட்டை பாசிட்டிவ், நெகட்டிவ், ஜீரோ என மூன்று சீக்வென்ஸாக, அதாவது சமச்சீரான மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறோம். ஒரு பேஸ் தரையைத் தொடும்போது இந்த மூன்றுக்கும் உரிய மின்சுற்று வலைகளும் தொடராக இணையும். அவற்றில் ஓடும் கரண்ட்டைப் போல் மூன்று மடங்குதான் ஃபால்ட் கரண்ட். பாசிட்டிவ், நெகட்டிவ் வலைகளின் இம்பிடன்ஸ் (கரண்ட்டுக்குத் தரும் மொத்த எதிர்ப்பு) பெரும்பாலும் சமம். ஆகவே விடையைத் தீர்மானிப்பது ஜீரோ சீக்வென்ஸ் இம்பிடன்ஸ்.

நியூட்ரல் நேரடியாக எர்த் செய்யப்பட்ட ஸ்டார்-டெல்டா டிரான்ஸ்பார்மருக்கு அருகே அது சிறியது; கரண்ட் கூடும். லைனில் தள்ளிப் போகப் போக அது வளரும். ஓவர்ஹெட் லைனுக்கு அது பாசிட்டிவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

100 எம்.வி.ஏ. திறனை அடிப்படையாக எடுத்தால் 1 பெர்-யூனிட் கரண்ட் (அந்த அடிப்படை அளவு; மற்றவை இதன் மடங்குகள்) 525 ஆம்பியர். பாசிட்டிவும் நெகட்டிவும் தலா 0.2 பெர்-யூனிட், ஜீரோ 0.5 (எல்லாம் ரியாக்டன்ஸ், அதாவது ரெசிஸ்டன்ஸ் இல்லாத இம்பிடன்ஸ்) என்றால், 3-ஐ மூன்றின் கூட்டலான 0.9-ஆல் வகுக்க 3.33, அதாவது 1,750 ஆம்பியர். அதே இடத்தில் மூன்று பேஸ் ஃபால்ட் 2,624. ஜீரோ 0.1 என்றால் எர்த் ஃபால்ட் 3,149 ஆகிவிடும்.

பலரும் சறுக்குவது ஃபால்ட் ரெசிஸ்டன்ஸில், அதாவது பேஸ் தரையைத் தொடும் இடத்தில் உள்ள ரெசிஸ்டன்ஸில். ஜீரோ வலையில் அதை மூன்று மடங்காகப் போட வேண்டும், ஏனென்றால் அதன் வழியே மூன்று சீக்வென்ஸ் கரண்ட்டும் சேர்ந்து பாய்கிறது. முதல் கணக்கில் 40 ஓம் சேர்த்தால் சரியான விடை சுமார் 1,175 ஆம்பியர். ஒருமுறை மட்டும் சேர்த்தால் 1,640 என்று காட்டும். அதை நம்பி எர்த் ஃபால்ட் ரிலேயை (ஃபால்ட்டைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவியை) 1,400-இல் செட் செய்தால் அது அசையவே அசையாது. நியூட்ரல் ரெசிஸ்டருக்கும் இதே மூன்று மடங்குதான்.

கேள்வி: ஸ்டார் பக்கம் எர்த் ஃபால்ட் நடக்கும்போது டெல்டா பக்கத்து எர்த் ஃபால்ட் ரிலே ஏன் இயங்குவதில்லை?

பதில்: ஜீரோ சீக்வென்ஸ் கரண்ட் டெல்டாவுக்குள்ளேயே சுற்றிவிடும், வெளி லைனுக்கு வராது. அங்கே ஃபால்ட் இரண்டு பேஸ்களுக்கு இடையே நடந்ததுபோலத்தான் தெரியும், மூன்று கரண்ட்டையும் கூட்டினால் பூஜ்யம். ஆகவே ஸ்டார் பக்க நியூட்ரலில் தனி சி.டி. (கரண்ட்டை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) வைத்து, அதற்கு ரிலே கொடுங்கள்.