கேமராவை அணைத்துவிட்டு உட்காரும் மாணவர்களை என்ன செய்வது?

கேள்வி: கலைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்துகிறேன். வாரத்தில் நான்கு நாள் நேரடி வகுப்பு, இரண்டு நாள் இணையவழி. இணைய வகுப்புக்கு அறுபது பேரும் வந்துவிடுகிறார்கள், ஆனால் யாரும் கேமராவைப் போடுவதில்லை. கேள்வி கேட்டால் ‘நெட் ஸ்லோ மேடம்’ என்கிறார்கள். கேமராவைக் கட்டாயமாக்கலாமா? முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு எடுக்கும் சாஃப்ட்வேர் என்று ஒரு நிறுவனம் கல்லூரியில் வந்து பேசியிருக்கிறது. வாங்கச் சொல்லலாமா?
– ஓர் உதவிப் பேராசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கட்டாயமாக்க வேண்டாம். சாஃப்ட்வேரையும் வாங்க வேண்டாம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2020இல் மாணவர்களிடம் இதையே கேட்டார்கள். கேமராவை அணைக்க அதிகம் பேர் சொன்ன காரணம், தாங்கள் பார்க்க எப்படி இருக்கிறோமோ என்ற கவலை. பின்னால் தெரியும் வீட்டையும், சரியில்லாத நெட்டையும்கூடச் சொன்னார்கள். அங்கேயே அப்படியென்றால், ஒரே அறையில் பாட்டி படுத்திருக்க, டிவி ஓட, ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டாவை அண்ணனோடு பங்கிட்டுக்கொள்ளும் உங்கள் மாணவியை யோசித்துப் பாருங்கள். ‘நெட் ஸ்லோ’ என்பது எப்போதும் சாக்கு இல்லை.

நேரடி வகுப்பில் முகத்தை மட்டும் வைத்தா நீங்கள் கண்டுபிடிக்கிறீர்கள்? பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நோட்டை எட்டிப் பார்க்கிறீர்கள். இணையத்தில் விட்டுப்போனது அதுதான். அதைத் திரும்பக் கொண்டுவர வழி பார்க்க வேண்டும்.

தேய்மானம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் விலை 1,00,000 ரூபாய், குறைந்து செல் மதிப்பு முறை, அதாவது ஒவ்வொரு ஆண்டும் மிச்சமிருக்கும் மதிப்பில் 10 விழுக்காடு கழிப்பது. மூன்றாம் ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு? விடையை எல்லோரும் சாட்டில் டைப் செய்து வைக்கட்டும், நீங்கள் ‘அனுப்புங்க’ என்றதும் ஒன்றாக அனுப்பட்டும். முதலில் வந்த விடையைப் பார்த்து எழுதுவது இதில் நடக்காது. 8,100 என்றால் சரி. 10,000 என்பவர் ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்க்கோட்டு முறையிலேயே நிற்கிறார். 9,000 என்பவர் ஓராண்டு பின்தங்கிவிட்டார். 72,900 என்பவர் தேய்மானத்தைக் கேட்டால் மிச்ச மதிப்பைச் சொல்கிறார். அறுபது பேரில் யார் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேள்வி கேட்டதும் நீங்களே விடை சொல்லிவிடாதீர்கள். டைப் செய்ய நேரம் வேண்டும், அந்த அமைதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று இப்படிக் கேட்டால் போதும்.

வகுப்பு முழுவதையும் பதிவு செய்து வாட்ஸாப் குழுவில் போடுவதால் பெரிய பயன் இல்லை. எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்து வீடியோக்களை வைத்து 2014இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்குள்தான் என்று தெரிந்தது. ஒரு கருத்து, ஒரு மாதிரிக் கணக்கு, ஆறு நிமிடம். அதை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கணக்குப் போடுவதை நேரடி நாட்களுக்கு வையுங்கள்.

கேமரா தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. கூட்டு வணிகத்தில் கூட்டாளி ஒருவர் விலகுவது போன்ற நீளமான கணக்கில் விடையை மட்டும் பார்த்தால் தவறு எந்த வரியில் என்று தெரியாது, எழுதுவதைப் பார்க்க வேண்டும். அப்போதும் முகம் வேண்டாம், நோட்டு போதும். போனை இரண்டு புத்தகத்தின் மேல் விளிம்பு நீட்டியபடி வைத்து, பின்பக்கக் கேமராவைக் கீழே நோட்டுப் பக்கம் காட்டச் சொல்லுங்கள். ஒரு வகுப்புக்கு ஐந்து பேர், பத்தே நிமிடம். பெயர்களை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், டேட்டாவை மிச்சம் பிடித்து வைப்பார்கள். அதற்கும் வழியில்லாதவர் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பட்டும். ஆனால் பாதிக் கணக்கில், நீங்கள் கேட்ட நிமிடத்தில் அனுப்ப வேண்டும். முடித்துவிட்டு அனுப்பினால் அது பக்கத்து வீட்டு அக்கா போட்டதாக இருக்கலாம். படம் அனுப்பியவரை மைக்கை மட்டும் திறந்து வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

இனி அந்த நிறுவனம். மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் சொல்லியிருப்பார்கள். இப்படிப்பட்டவர்கள் வருகைப் பதிவோடு சேர்த்து விற்கும் பாடப்பதிவு, ஒப்படைப்பு, வினாடி வினா எல்லாம் மூடுல் (Moodle) என்ற வகுப்பு நடத்தும் மென்பொருளில் இலவசம், சர்வர் செலவு மட்டும்தான். கூகுள் கிளாஸ்ரூமும் கல்லூரிகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. முகம் பார்க்கும் சாஃப்ட்வேர் ஆள் உட்கார்ந்திருப்பதைத்தான் சொல்லும், புரிந்ததா என்று சொல்லாது. மாணவிகளின் முகப்படத்தைச் சம்மதம் இல்லாமல் ஒரு தனியாரிடம் தூக்கிக் கொடுப்பது, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு லேசான விஷயமும் இல்லை.

இதே கூட்டம்தான் ‘சர்வதேச இணையவழிக் கற்பித்தல் நிபுணர்’ என்று இரண்டு மணி நேர வெபினாருக்குக் காசு வாங்கிச் சான்றிதழ் அச்சடிக்கிறது. மாணவர்கள் பக்கம் இன்னொரு கூட்டம், ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் படிப்புகளின் வாராந்திர ஒப்படைப்புக்கு டெலிகிராமில் விடை விற்கிறது. அதற்கு 25 மதிப்பெண்தான், மீதி 75 மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு. விடை வாங்கியவன் அங்கே மாட்டிக்கொள்கிறான். இந்தப் படிப்புகள் கிடைக்கும் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் சேரக் கட்டணமே கிடையாது, தேர்வெழுதினால்தான் பணம் என்பதை வகுப்பில் உரக்கச் சொல்லுங்கள்.

இவர்களுக்கு இடம் கொடுப்பது நம் அமைப்புதான். பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வரைவு வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் ஆறு நிமிட வீடியோ ஒன்றைத் தயாரிக்க ஆசிரியர் உட்காரும் நேரத்தை எத்தனை கல்லூரிகள் வேலைநேரமாகக் கணக்கில் எடுக்கின்றன? கேட்பதெல்லாம் ஸ்கிரீன்ஷாட். அறுபது கறுப்புக் கட்டங்களின் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரம் என்று கோப்பில் வைக்கிறார்கள், அறுபது விடைகள் இருக்கும் சாட் பதிவை யாரும் கேட்பதில்லை. நீங்கள் அதையே வருகைப் பதிவாக ஏற்கச் சொல்லி முதல்வரிடம் எழுதிக் கொடுங்கள்.

கல்லூரி ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், ஒப்பந்தம் முடியும்போது மதிப்பெண்களும் பாடங்களும் எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும், முகப்படங்களை எப்போது அழிப்பார்கள் என்ற இரண்டையும் கையெழுத்தோடு வாங்கச் சொல்லுங்கள்.