அதே வகுப்பு, அதே பாடம்: வாசகர் கேள்வி – பதில்

மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்ப்பது பற்றியும், சேர்த்த பிறகு அவர்களுக்குப் பாடம் நடத்துவது பற்றியும் இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதத்தால் கால்களிலும் வலது கையிலும் இறுக்கம் உண்டு. பேச்சுக்கும் புரிதலுக்கும் குறைவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்கச் சென்றபோது, "இங்கே கவனித்துக்கொள்ள ஆளில்லை, சிறப்புப் பள்ளியில் விட்டால் அவளுக்கே நல்லது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி நான் என்ன செய்ய வேண்டும்? (ஒரு தாய், தென்காசி மாவட்டம்)

பதில்: சகோதரி, உங்கள் மகள் எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை உங்கள் வீட்டாருடையது, பள்ளியுடையது அன்று. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளை, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31ஆவது பிரிவு கூறுகிறது. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அரசின் அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியானாலும், பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும் என்பது அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு. ஆகவே விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடமும், தேவைப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். பெரும்பாலான இடங்களில், எழுத்தில் கேட்ட அளவிலேயே பேச்சின் தொனி மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

அதே சமயம், தலைமையாசிரியரின் தயக்கத்தை முழுவதும் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். அவருக்கு உண்மையாகவே வழி தெரியாமல் இருக்கலாம். வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் அரசின் வட்டார வள மையத்திலிருந்து, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் ஒரு நாள் பள்ளிக்கு வரவழைத்து, மூவரும் உங்கள் மகளுடன் வாசலிலிருந்து வகுப்பறை வரை, பிறகு கழிப்பறை வரை நடந்து பாருங்கள். இரண்டு படிகள் சேர்ந்து ஓர் அடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளம் இருக்க வேண்டும். மூன்றடியில் சிமெண்டைச் சரித்து ஊற்றிவிட்டு அதைச் சாய்தளம் என்று காட்டும் பள்ளிகள் பல உள்ளன, அதில் எந்த நடைவண்டியும் ஏறாது. பென்சிலின் மேல் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்கினால் இறுகிய விரல்களுக்குப் பிடி கிடைக்கும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

கேள்வி: நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் முற்றிலும் பார்வையற்ற ஒரு மாணவி சேர்ந்திருக்கிறாள். தமிழ்ப் பாடத்தைக் கேட்டு மனத்தில் வாங்கிக்கொள்கிறாள். என் வகுப்பில் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். வடிவியலை அவளுக்கு எப்படி நடத்துவது? அவளுக்கு மட்டும் அதை விட்டுவிடலாமா? (ஆசிரியை, திருவண்ணாமலை)

பதில்: விட்டுவிட வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் விளையாடும்போது, வயதில் சிறியதையோ ஓட முடியாததையோ ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அதைத் தொட்டாலும் "அவுட்" இல்லை, அது தொட்டாலும் கணக்கில்லை என்று வைத்துவிடுவார்கள்; அதற்கு "ஒப்புக்குச் சப்பாணி" என்று பெயர். சப்பாணி என்ற சொல்லுக்குக் கால் ஊனமானவர் என்பது பொருள். நம் விளையாட்டுச் சொல்லிலேயே ஊனமும் கணக்கில் சேராமையும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்து, பாடத்தில் பங்கில்லாத பிள்ளையின் நிலை அதுவே. உங்கள் மாணவி சும்மா உட்கார்ந்திருப்பது உங்கள் கண்ணில் பட்டு, அதை எழுதிக் கேட்கவும் தோன்றியதே, அதற்காக உங்களுக்கு என் நன்றி.

முதலில் மாற வேண்டியது கரும்பலகைப் பேச்சு. "இதையும் இதையும் கூட்டினால் இது வரும்" என்று நாம் சுட்டிக்காட்டிச் சொல்லும்போது, அவளுக்கு அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. "கோணம் ஏ 50 பாகை, கோணம் பி 60 பாகை, இரண்டையும் கூட்டினால் 110" என்று எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வாரம் சிரமமாக இருக்கும், பிறகு பழகிவிடும். கடைசி வரிசையில் பலகை சரியாகத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த வேறு நான்கு பிள்ளைகளும் அப்போது பாடத்துக்குள் வந்துவிடுவார்கள்.

அடுத்தது, வடிவங்களைக் கைக்குக் கொடுப்பது. அட்டையில் பசை தடவிச் சணல் நூலை முக்கோணமாக ஒட்டுங்கள். பலகையில் வரிசையாக ஆணி அடித்து ரப்பர் வளையங்களை மாட்டினால், சதுரத்தை நொடியில் செவ்வகமாக மாற்றிக் காட்டலாம். ரப்பர் விரிப்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து மையில்லாப் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு மேலே எழும்பி நிற்கும். சாதாரணக் காகிதத்தில் வரைந்தால் கோடு பின்பக்கமாக எழும்பும். திருப்பித் தொடும்போது இடம் வலமாகிவிடும் என்பதால், படத்தை முன்கூட்டியே மாற்றி வரைய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமிக்கு நூல் முக்கோணம் ஒன்றைக் கொடுத்து, மூன்று மூலைகளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு மூலையில் விரல் நுனியை வைத்தவள், "சார், இது கூரா இருக்கு" என்றாள். கூர்ங்கோணம் என்ற சொல்லை நான் அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கூர்ங்கோணம், விரிகோணம் என்னும் நம் கலைச்சொற்கள் கைக்குத் தெரியும் சொற்கள் என்பதை அன்றைக்குத்தான் நான் உணர்ந்தேன்.

எண் கணக்கிற்கு, பார்வையற்றோர் தொட்டுக் கணக்குப் போடும் டெய்லர் பலகை உதவும். அதில் எண்கோணத் துளைகளில் சிறு உலோக அச்சுகளைச் செருகுவார்கள். ஓர் அச்சை எட்டு நிலைகளில் திருப்பி வைக்கலாம், அதன் இரு முனைகளும் வேறுவேறு என்பதால் மொத்தம் 16 குறியீடுகள் கிடைக்கும். பிரெய்ல் நூல்களும் இத்தகைய கருவிகளும் 18 வயது வரை கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்று மேற்சொன்ன சட்டத்தின் 17ஆவது பிரிவு கூறுவதால், தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்திடம் எழுதிக் கேளுங்கள். தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் அவளுக்கு உண்டு. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்று வகுத்துள்ளன. ஆனால் எழுதித் தருபவரிடம் விடை சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். வகுப்புத் தேர்வுகளிலேயே அதைத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு. அறிவியலில் எதைக் கேட்டாலும் வாயால் சொல்கிறான். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிவிடுகின்றன, வாசிப்பதும் தட்டுத் தடுமாறித்தான். "சோம்பேறி" என்று ஆசிரியர் சொல்கிறார். (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அவை நன்றாக இருந்தால், கற்றல் குறைபாடாக இருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. இதனைக் கூடிய விரைவில் கண்டறிவது பள்ளியின் கடமை என்றும் அச்சட்டம் சொல்கிறது. தமிழ் எழுத்து முறையில் இத்தகைய பிள்ளைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. "பெ" என்று வாசிக்கும்போது முதலில் ஒலிப்பது பகர மெய், ஆனால் கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. "பொ" என்றால் குறி இருபுறமும் நிற்கிறது. மற்ற பிள்ளைகள் தாமாகவே கடந்துவிடும் இந்த இடத்தில் இவன் நின்றுவிடுகிறான். கொம்பையும் காலையும் வெவ்வேறு நிற அட்டைகளாக வெட்டி, உயிர்மெய்யைக் கையால் சேர்த்துப் பிரித்துப் பழகச் செய்யுங்கள். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதச் செய்வதும் நல்ல பலன் தரும்.

ஆசிரியரிடம் மூன்றே வேண்டுகோள்கள் வையுங்கள். அறிவியல் தேர்வில் அறிவியலுக்கு மட்டும் மதிப்பெண் போடட்டும், எழுத்துப் பிழைக்குக் குறைக்க வேண்டாம். முடிந்த இடங்களில் வாய்மொழியாகவும் விடை கேட்கட்டும். முன்னறிவிப்பின்றி வகுப்பின் முன்னால் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்வதை நிறுத்தட்டும். சோம்பேறி என்ற சொல்லை உங்கள் வீட்டிலும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள்தான் வருகிறார், வந்தால் பிள்ளையைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று தனியே படம் வண்ணம் தீட்ட வைக்கிறார். இதுதான் உள்ளடக்கிய கல்வியா? (பட்டதாரி ஆசிரியர், நாகப்பட்டினம்)

பதில்: அன்று. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைச் சேர்ந்து படிப்பதே உள்ளடக்கிய கல்வி. ஆனால் இதில் அந்தச் சிறப்பாசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. உச்ச நீதிமன்றம் 2021இல் வலியுறுத்திய பிறகு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளில் தொடக்க வகுப்புகளுக்குப் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளுக்குப் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை மத்திய அரசு 2022இல் அறிவித்தது; ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றி வரும் நிலையில் அந்த விகிதம் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. பணியிடங்களைக் கேட்டுப் பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் குரல் கொடுத்தே ஆக வேண்டும்.

அதுவரை, அவர் வரும் அந்த ஒரு நாளை நீங்கள் இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடம் எது என்பதை முந்தைய வெள்ளிக்கிழமையே அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர் வந்ததும் தாழ்வாரத்துக்குப் போகாமல் உங்கள் வகுப்பிலேயே அமர்ந்து, நீங்கள் நீர்ச் சுழற்சியை நடத்தும்போது அந்தப் பிள்ளைக்கு மூன்று படங்களில் அதையே வரிசைப்படுத்தச் செய்யட்டும். வண்ணம் தீட்டுவதானாலும் அந்த மேகத்துக்கே தீட்டட்டும்.