ஹைட்டில நர்ஸா இருந்தேன், கேளுங்க சொல்றேன்

2012லேர்ந்து ரெண்டு வருஷம் கரீபியன் தீவு நாடான ஹைட்டில ஒரு வெளிநாட்டு அமைப்புல நர்ஸா இருந்தேன். நிறைய பேர் ஒரே மாதிரி கேட்டுட்டே இருந்தீங்க, அதான் ஒண்ணா உக்காந்து பதில் போட்டுடலாம்னு.

அக்கா, அந்த நாட்டுல கவர்மென்ட் ஆஸ்பத்திரியே கிடையாதா? எல்லாம் வெளிநாட்டுக்காரங்கதானா?

இருக்குப்பா. டாக்டரும் இருப்பார். ஆனா நான் பாத்த ஒண்ணுல க்ளவுஸ், சிரிஞ்சு, நூலு எல்லாத்தையும் நோயாளியோட ஆளுங்கதான் வெளிய கடைல வாங்கிட்டு வரணும், சீட்டைக் கைல வச்சுக்கிட்டு ஓடுவாங்க. அந்த ஓட்டைய அடைக்கத்தான் இத்தனை அமைப்பு வந்துச்சு. அதுக்காக எல்லாம் வெளிநாடுன்னு சொல்லாதீங்க, 1982லயே எய்ட்ஸுக்குன்னு கெஸ்கியோங்கிற அமைப்ப ஆரம்பிச்சது ஜான் பாப்னு ஒரு ஹைட்டி டாக்டர்.

சார்னு போடவா மேடம்னு போடவா தெரியல. எந்த அமைப்பு நல்ல அமைப்பு?

அக்கான்னே போடுங்க. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு: சம்பளம் வாங்குறவன் யாரு, உள்ளூர்க்காரனா, ஆறு மாசத்துல ஃப்ளைட் ஏறுறவனா. அந்த கணக்குல எனக்கு சான்மி லசாந்தேதான் முதல்ல. பேருக்கு அர்த்தம் 'ஆரோக்கியத்தின் நண்பர்கள்'. பால் ஃபார்மர்னு ஒரு அமெரிக்க டாக்டர் மத்தவங்களோட சேந்து ஆரம்பிச்சது, காஞ்ச்ங்கிற மலை கிராமத்துல. பெலிக்ர் டேம் கட்டினப்போ நிலம் தண்ணிக்குள்ள போயி மேல ஏறி குடிசை போட்ட ஜனங்க அவங்க, டேம் கரண்ட் மட்டும் ஊருக்கு வரல. அங்க டிபிக்கும் எய்ட்ஸுக்கும் மாத்திரைய கைல குடுத்து அனுப்பிட்டு 'ஒழுங்கா போடு'ன்னு சொல்ல மாட்டாங்க. அதே கிராமத்து ஆளு ஒருத்தர சம்பளத்துக்கு வச்சு, தினமும் வீட்டுக்குப் போயி முழுங்குறத பாத்துட்டு, அரிசி இருக்கா, கூரை ஒழுகுதான்னும் விசாரிச்சுட்டு வரணும். அவங்க பேரு அக்கம்பன்யதேர், கூட வர்றவங்கன்னு அர்த்தம்.

காலராவ ஐநா ஆளுங்களே கொண்டு வந்தாங்கன்னு சொல்றாங்களே, வதந்திதானே?

வதந்தி இல்ல. 2010 ஜனவரில பூகம்பம், அக்டோபர்ல காலரா. மிர்பலேங்கிற ஊர் பக்கத்துல ஐநாவோட நேபாள அமைதிப்படை கேம்ப் கழிவு ஆத்துல கலந்துச்சு, அது ஆர்டிபோனிட்ங்கிற பெரிய ஆத்துல சேர்ற தண்ணி, அதையேதான் கீழ்ப்பக்கத்து ஜனங்க குடிக்கிறாங்க குளிக்கிறாங்க. கிருமியோட மரபணு நேபாளத்துக் கிருமியோட ஒத்துப்போச்சு. ஐநா வருஷக்கணக்கா மழுப்பிட்டு 2016 டிசம்பர்லதான் பான் கி மூன் மன்னிப்பு கேட்டார். அதுக்குள்ள 8 லட்சம் பேருக்கு வந்து கிட்டத்தட்ட 10,000 பேர் போயிட்டாங்க.

காலரா வார்டு எப்படி இருக்கும்னு இன்னொருத்தர் கேட்டிருந்தீங்க. கட்டில்ல நடுவுல ஒரு ஓட்டை, கீழ பக்கெட், பக்கெட்ல எவ்வளவு இருக்குன்னு பாத்துதான் எவ்வளவு ட்ரிப் ஏத்தணும்னு முடிவு பண்ணுவோம், ஏன்னா முத்தின காலரால பெரியவங்களுக்கே மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போயிடும். உள்ள வர்றப்பவும் போறப்பவும் செருப்புக்கு குளோரின் ஸ்ப்ரே. அங்க ஜனங்க பேசுற பாஷை கிரியோல், நான் கத்துக்கிட்ட முதல் கிரியோல் வார்த்தை 'ட்லோ', தண்ணி. ராத்திரி பூரா அதேதான் கேக்கும்.

தடுப்பூசி போட்டிருக்கலாமே?

ஊசி இல்ல, வாயில ஊத்துற மருந்து. 2012ல கெஸ்கியோவும் சான்மி லசாந்தேயும் சேந்து சுமார் 1 லட்சம் பேருக்கு குடுத்தாங்க, ஷான்கால்னு நம்ம ஹைதராபாத்ல தயாரானது. பாட்டில்ல இந்தியான்னு பாத்தப்போ எனக்கு ஒரு சின்ன கர்வம், பொய் சொல்லல.

வீட்ல மிச்சமான மாத்திரைய அனுப்பலாமா?

வேணாம்! எங்களுக்கு வந்த ஒரு பெட்டில பாதி எக்ஸ்பயரி, மீதில லேபிள் யாருக்கும் படிக்கத் தெரியாத பாஷை. பிரிச்சு எரிக்க ரெண்டு பேருக்கு ரெண்டு நாள். பணமா குடுங்க.

நானும் நர்சிங் முடிச்சிருக்கேன் அக்கா, இப்ப போகலாமா?

இப்ப வேணாம்மா. துப்பாக்கி கும்பல்ங்க ராஜ்ஜியம். 2024 நவம்பர்ல எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போட ஆம்புலன்ஸ தாக்கினதுல தலைநகர்ல வேலையவே நிறுத்தி வச்சாங்க. 2025ல மிர்பலே ஆஸ்பத்திரியும் மூட வேண்டியதாச்சு, 300 படுக்கை, கூரை பூரா சோலார், நான் இருந்தப்ப 2013ல திறந்தது. அந்த செய்தி படிச்ச அன்னிக்கு சோறு எறங்கல. நீ அதுக்குள்ள பிரெஞ்சு கத்துக்க, கிரியோல் போன அப்பறம் நோயாளிங்களே கத்துக்குடுத்துடுவாங்க. ட்ரிப் போடுற கைய மட்டும் பழக்கம் விட்டுடாத, வத்திப்போன நரம்புல ஊசி ஏத்தத் தெரிஞ்ச ஆளத்தான் அங்க தேடுவாங்க.