கட்லேயா வளர்ப்போர் கேள்விகள்: உரத்துக்கு முன் வேரைப் பாருங்கள்

இம்முறை வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பகுதி வீட்டுக்குள் வளர்க்கும் கட்லேயா ஓர்கிட்டைப் பற்றியவை. அநேகமாக எல்லாக் கடிதமும் "என்ன உரம் போடலாம்?" என்றே முடிகிறது. எங்கள் பதில்களோ வெளிச்சத்திலும் தண்ணீரிலும் வேரிலும் போய் நிற்கின்றன. இந்த மூன்றும் சரியாக இல்லாத செடிக்கு உரம் கொடுத்தால் அது செடியைக் கெடுக்கத்தான் உதவும்.

கேள்வி (கிளிநொச்சி வாசகி): கண்டியில் பூத்தபடி வாங்கிய கட்லேயாவை இரண்டு வருடமாக முன்னறை மேசையில் வைத்திருக்கிறேன். இலைகள் நல்ல கரும்பச்சையாக, நீளமாக வளர்கின்றன. பூ மட்டும் வரவில்லை. எந்த உரம் குறைகிறது?

பதில்: உரம் குறையவில்லை அம்மா, வெளிச்சம்தான் குறைகிறது. கட்லேயாவின் இலை மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருக்க வேண்டும். கரும்பச்சை கண்ணுக்கு வடிவாக இருக்கும், ஆனால் அது செடி இருட்டில் நிற்கிறது என்பதற்கு அடையாளம். இன்னொன்றையும் பாருங்கள். புதிதாக வந்த குமிழ்த்தண்டு (தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தடித்த தண்டு) பழைய தண்டைவிட மெலிந்து, நிமிர்ந்து நிற்க முடியாமல் சாய்கிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம்.

கிழக்குப் பார்த்த யன்னலுக்கு மாற்றுங்கள். சட்டிக்கும் யன்னலுக்கும் இடையில் ஓரடிக்கு மேல் இருக்கக்கூடாது, ஏனென்றால் யன்னலை விட்டு விலக விலக வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். காலை ஒன்பதரை மணி வரையான வெயில் இலையில் நேரே படலாம். ஒரே நாளில் வெயிலில் வைக்க வேண்டாம், இரண்டு மூன்று கிழமை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். மத்தியானம் இலையைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வெயில் கூடிவிட்டது, மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுங்கள். மேற்கு யன்னல் வன்னி வெயிலுக்குத் திரையில்லாமல் சரிவராது. வெயில் சுட்ட இடம் முதலில் வெளிறும், பிறகு கருகிக் காய்ந்துபோகும். அது ஆறாது, பரவவும் மாட்டாது. பரவினால் அது வெயிலால் வந்ததல்ல, அழுகல்.

இரவுச் சூடும் ஒரு காரணம். கட்லேயாவுக்குப் பகலைவிட இரவு 5 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் நல்லது. கண்டியில் அது தானாகவே கிடைக்கும். இங்கே தகரக் கூரைக்குக் கீழிருக்கும் அறை நடுச்சாமம் வரை வெக்கை தாங்கி நிற்கும். பின்னேரம் சட்டியை விறாந்தைக்கு எடுத்து வையுங்கள், அல்லது இரவு முழுவதும் யன்னலைத் திறந்து விடுங்கள்.

கேள்வி (மாங்குளம் வாசகர்): கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். சட்டியின் விளிம்பிலும் கரித்துண்டுகளிலும் வெள்ளையாகப் படிகிறது. புதிய வேர் கொஞ்சம் நீண்டதும் நுனி கறுத்து நின்றுவிடுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினால் சரிவருமா?

பதில்: சரிவராது. கொதிக்க வைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படியும், மற்ற உப்புகள் தண்ணீரிலேயே இருக்கும். நீங்கள் காணும் வெள்ளைப் படிவு, தண்ணீர் ஆவியான பின் தங்கிய உப்பு. ஓர்கிட் வேரில் வளரும் இடம் அந்தப் பச்சை நுனி மட்டும்தான். உப்புச் செறிந்த கரியை அது தொட்டதும் கருகுகிறது. முழங்காவில், பூநகரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், இந்தத் தொல்லை அங்கே இன்னும் கூடுதலாக இருக்கும்.

மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். கணக்கு சின்னதுதான். பத்துச் சட்டிக்கு ஒருமுறைக்கு 5 லீற்றர், கிழமைக்கு இரண்டு முறை என்றால் 10 லீற்றர். பெப்ரவரி முதல் செப்ரெம்பர் முடிவு வரை 35 கிழமைக்கு 350 லீற்றர். இரண்டு 200 லீற்றர் பீப்பாய்கள் போதும். முதல் மழை கூரையில் இருக்கும் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிப் போகட்டும், அதற்குப் பிறகு பிடியுங்கள். பீப்பாயை இறுக மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். மழைநீர் முடிந்தால் குடிக்க வாங்கும், உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரையும் பாவிக்கலாம்.

வெறும் மழைநீரில் கல்சியம் இல்லை. ஆகவே மூன்று பங்கு மழைநீரோடு ஒரு பங்கு கிணற்று நீரைக் கலந்து விடுவது எங்கள் விருப்பம். படிவு கண்ட சட்டியை இப்போதே மழைநீரால் அலசுங்கள். சட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விட்டு, ஒரு மணி நேரம் கழித்து இன்னொருமுறை ஊற்றுங்கள். எல்லாச் சட்டியையும் ஒரே வாளியில் தாழ்த்தி எடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஒரு செடியின் அழுகல் மற்றச் செடிகளுக்குப் போக அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கேள்வி (புதுக்குடியிருப்பு வாசகி): சோழகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கியதும் தண்டுகள் சுருங்கத் தொடங்கின. காலை, பின்னேரம் இரண்டு வேளையும் தண்ணீர் விடுகிறேன். இன்னும் சுருங்குகின்றன. வாங்கி மூன்று வருடம், சட்டி மாற்றவில்லை.

பதில்: தண்ணீர் போதாத செடியும் சுருங்கும், தண்ணீர் கூடி வேர் அழுகிய செடியும் சுருங்கும். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்று வருடத்தில் சட்டிக்குள் இருந்த தேங்காய்ப் பொச்சு மக்கிச் சேறாகியிருக்கும், அதோடு இரண்டு வேளைத் தண்ணீரும் சேர்ந்தால் வேருக்குக் காற்றே இல்லை. கட்லேயா மத்திய, தென் அமெரிக்க வெப்பவலயக் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வளரும் இனம். மழை நனைத்த வேரைக் காற்று சில மணி நேரத்தில் உலர்த்திவிடும், அந்த வேர் அதற்கென்றே அமைந்தது. செடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். சட்டிக்குள் ஆடினால் வேர் இல்லை.

சட்டி மாற்ற ஏற்ற நேரத்தைச் செடியே காட்டும். புதிய தண்டின் அடியில் பச்சை நுனியோடு வேர் மொட்டுகள் முளைத்து, ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு நீளும் அந்தக் கிழமைதான் சரியான நேரம். அதைத் தவறவிட்டு வேர் விரலளவு நீண்டபின் மாற்றினால் நுனிகள் ஒடியும், ஒடிந்த புதுவேர் அநேகமாக மேலே வளராது. வேரெல்லாம் அழுகிய செடிக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே மாற்றுங்கள். அடைமழை நாட்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், அப்போது வெட்டுக்காயம் உலர நாளெடுக்கும்.

முதலில் சட்டியை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊற விட்டால் ஓட்டில் ஒட்டிய வேர் இளகும். செடியை எடுத்துப் பழைய கலவையை உதறி, வேர்களை ஒவ்வொன்றாக விரலால் அமத்துங்கள். நல்ல வேர் வெள்ளையாக இறுகி இருக்கும். செத்த வேரின் மேல்தோல் கையோடு கழன்று உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும், அதை அடியோடு வெட்டுங்கள். வெட்டும் பிளேட்டைக் காஸ் அடுப்புச் சுவாலையில் சூடு காட்டி ஆற்றிய பிறகே பாவியுங்கள். அடுத்த செடிக்குப் போகுமுன் மறுபடியும் சூடு காட்டுங்கள், அல்லது வேறு பிளேட் எடுங்கள். ஓர்கிட்டுக்கு வரும் வைரசு நோய்க்கு மருந்தில்லை, அது பரவுவது பெரும்பாலும் வெட்டும் கத்தியால். செடியைப் பிரிப்பதென்றால் ஒரு துண்டுக்குக் குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு தண்டுகள் இருக்கட்டும். ஒற்றைத் தண்டாகப் பிரித்தால் பூவுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெட்டிய வாயில் கறுவாத்தூள் தடவலாம், ஆனால் வேரில் படக்கூடாது, அது வேரைக் காய வைக்கும்.

கலவை: கழுவிய விறகுக்கரி மூன்று பங்கு, கூரை ஓட்டுத்துண்டு ஒரு பங்கு, தேங்காய்ப் பொச்சு ஒரு பங்கு. எல்லாம் 2 முதல் 3 சென்ரிமீற்றர் துண்டுகள். தூளை அரித்து எறியுங்கள், அடைப்பது அந்தத் தூள்தான். சோழகக் காற்று நேரே அடிக்கும் இடத்தில் மண்சட்டி என்றால் பொச்சை இரண்டு பங்காக்கலாம். பொச்சைச் சும்மா போடாதீர்கள். அதில் உப்பும் கசிவும் உண்டு. துண்டாக்கித் தண்ணீரில் ஊற விட்டு, நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள். தேநீர் நிறம் இறங்குவது நிற்கும் வரை, குறைந்தது மூன்று நாளாவது செய்ய வேண்டும்.

சட்டி பெரிதாக இருக்கக்கூடாது. புதிய தண்டுகள் இரண்டு வருடம் முன்னோக்கி வளர இடம் போதும், அதாவது புதிய முளையிலிருந்து எதிர் விளிம்பு வரை ஐந்தாறு சென்ரிமீற்றர். பக்கத்திலும் துளையுள்ள மண்சட்டி எல்லாவற்றிலும் நல்லது. அடியில் கால்வாசிக்கு ஓட்டுத்துண்டோ ரிஜிபோம் துண்டோ போடுங்கள். மிகப் பழைய தண்டு விளிம்பைத் தொட, புதிய முளை நடுவை நோக்க வையுங்கள். தண்டுகளை இணைக்கும் படர்தண்டு கலவையின் மேலே கிடக்க வேண்டும், புதைந்தால் அழுகும். பிறகு ஒரு கம்பியோடு செடியைக் கட்டுங்கள். ஆடும் செடி வேர் பிடிக்காது, புதிய நுனி கரியில் உரசியே தேய்ந்துவிடும்.

மாற்றிய பின் ஒரு கிழமைக்குச் சட்டிக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நிழலில் வைத்துக் காலையில் இலைகளில் மட்டும் தெளியுங்கள். அதன்பின் மூங்கில் குச்சியொன்றைக் கலவைக்குள் செருகி வைத்து, இழுத்துப் பார்த்து, குச்சி உலர்ந்திருந்தால் மட்டும் காலையில் நன்றாக ஊற்றுங்கள். சோழகத்தில் மண்சட்டிக்கு அது ஒன்றுவிட்ட நாளாக இருக்கலாம், மாரியில் பத்து நாளுக்கு மேலும் போகலாம். பழைய தண்டின் சுருக்கம் முழுதாக நிமிராமல் விடலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்து வரும் தண்டு தடித்து வந்தால் செடி தப்பிவிட்டது.

கேள்வி (நெடுங்கேணி வாசகர்): வயலுக்கு வாங்கிய யூரியா மிச்சம் இருக்கிறது. ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து ஊற்றலாமா? மாட்டுச்சாணக் கரைசல் எப்படி?

பதில்: இரண்டும் வேண்டாம். மண்ணில் விழுந்த யூரியாவை நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றிக் கொடுக்கும். கரியும் ஓடும் நிறைந்த சட்டியில் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும், பெரும்பகுதி மாறுவதற்குள் வடிந்துவிடும். நீங்கள் சொன்ன அளவோ வேரைச் சுடும் அளவு. சாணக் கரைசல் குரோட்டனுக்கு நல்லது, இங்கே கரித்துண்டுகளுக்கிடையில் இருக்கும் காற்று வெளியை அடைத்துவிடும்.

நீரில் முழுதாகக் கரையும் 20-20-20 (நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் சமமாக உள்ள உரம்) அல்லது அல்பேர்ட் உரம் போதும். பொதியில் சொன்ன அளவின் காற்பங்கை எடுங்கள். 20-20-20 என்றால் 4 லீற்றர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி. புதிய முளை வளரும் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை கொடுங்கள். முதலில் வெறும் தண்ணீர் விட்டு வேரை நனைத்து, பத்து நிமிடம் கழித்து உரநீர் விடுங்கள். காய்ந்த வேரில் உரம் பட்டால் நுனி கருகும். நாலாவது கிழமை உரமில்லாமல் வெறும் மழைநீரால் அலசுங்கள். தண்டு முதிர்ந்து வளர்ச்சி நின்றதும் மாதத்துக்கு ஒருமுறையாகக் குறையுங்கள். இருண்ட மாரி நாட்களிலும், சட்டி மாற்றிய பின் புதுவேர் நாலு சென்ரிமீற்றர் நீளும் வரையும் உரம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (மல்லாவி வாசகி): பாளைக்குள் (மொட்டை மூடியிருக்கும் உறைக்குள்) மொட்டு தெரிந்தது. விரிய முன்னரே மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. விரிந்த ஒரு பூவின் வெளியிதழ்களும் மூன்றாம் நாளே காகிதம்போல் ஆகிவிட்டன.

பதில்: சட்டிக்குப் பக்கத்தில் வாழைக்குலையோ மாம்பழமோ பழுக்க வைத்திருக்கிறீர்களா? விறகடுப்புப் புகை வருகிறதா? பழுக்கும் பழமும் புகையும் எதிலீன் வாயுவை விடும், கட்லேயாப் பூவின் வெளியிதழ் அந்த வாயுவுக்கு மிக விரைவாக வாடும். மொட்டுத் தெரிந்த செடியைச் சமையலறைப் பக்கமோ, சாம்பிராணி காட்டும் சாமியறையிலோ வைக்க வேண்டாம். பாளைக்குள் மொட்டு இருக்கிறதா என்று பின்னால் ரோச் அடித்துப் பார்க்கலாம், நிழலாகத் தெரியும். பாளையின் உட்புறம் நீர் வியர்த்திருந்தால் நுனியைப் பிளேட்டால் மெல்லக் கீறி விடுங்கள், இல்லாவிட்டால் மொட்டு அழுகும்.

கேள்வி (முல்லைத்தீவு வாசகர்): எங்கள் வெக்கைக்கு எந்த இனம் தோது?

பதில்: பிராசவோலா நொடோசா (கட்லேயாவின் உறவினம்) கலந்த கலப்பினங்களைக் கேட்டு வாங்குங்கள். அது மத்திய அமெரிக்காவின் கரையோரத் தாழ்நிலத்துச் செடி, சூடான இரவைத் தாங்கும். இரவில் மணக்கும். கட்லேயா பௌரிங்கியானா கலந்தவையும் பரவாயில்லை. கொலம்பியாவின் தேசிய மலரான கட்லேயா திரியானே மலைச்செடி, குளிர்ந்த இரவைத் தேடும். அதை இங்கே தொடக்கக்காரர் எடுக்காமல் இருப்பது நல்லது. கடற்காற்று நேரே வரும் யன்னலையும் தவிருங்கள்.

கேள்வி (வவுனியா வாசகி): ஈரப்பதத்துக்காகச் சட்டிக்குக் கீழே தண்ணீர்த் தட்டு வைத்திருக்கிறேன். நுளம்பு வரும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுக்கச் சொல்கிறார்.

பதில்: அவர் சொல்வது சரி. தட்டில் கூழாங்கல்லை நிரப்பி, கல்லின் மட்டத்துக்கு மேலே தண்ணீர் தெரியாதபடி ஊற்றுங்கள். மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். சட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. டெங்குக் காலத்தில் தட்டே வேண்டாம், பல செடிகளை நெருக்கி வைத்தாலே அந்த இடத்தில் ஈரப்பதம் கொஞ்சம் கூடும்.

கேள்வி (முழங்காவில் வாசகர்): தண்டைச் சுற்றிய காய்ந்த தோலுக்குள் வெள்ளைச் செதில்களாகப் பூச்சி. தெளித்தும் போகவில்லை.

பதில்: தோலுக்குள் இருக்கும் பூச்சிக்குத் தெளிப்பு எட்டாது. காய்ந்த தோலை நுனியிலிருந்து கிழித்து முழுதாக உரித்தெடுங்கள். அடியில் உறங்கும் பச்சை முளைக்கண்ணைக் கீறிவிடாமல் கவனமாக உரியுங்கள். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தண்டையும் இலையின் அடிப்புறத்தையும் துடையுங்கள். முட்டையிலிருந்து வருபவை முதல் துடைப்பில் தப்பிவிடும், ஆகவே பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை செய்யுங்கள். அதுவரை அந்தச் சட்டியை வேறு அறையில் தனியாக வைத்து, பக்கத்தில் இருந்த சட்டிகளின் தோலையும் ஒருமுறை உரித்துப் பாருங்கள்.