மூன்று மாதம் முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள், ரீச்சர்

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார், மகள் கனடாவில், வீட்டில் இவர் மட்டும். பதினான்கு வருடம் உழைத்த பழைய பிரிட்ஜ் பங்குனியில் நின்றுபோக, சித்திரை வருடப்பிறப்புக் கழிவு போட்டிருந்த நகரத்துக் கடையொன்றில் ஏப்ரல் 8ஆம் திகதி புதியது எடுத்தார். விலை 172,000 ரூபா. பழையதைக் கொடுத்ததற்கு 7,000 கழித்து 165,000 கட்டினார். மே 12ஆம் திகதியிலிருந்து கீழ்த்தட்டு குளிரவில்லை.

கடையில் சொன்னால் "கம்பனிக்கு அடியுங்கள்" என்று கொழும்பு இலக்கமொன்றைக் கொடுத்தார்கள். திருத்துநர் வந்து காஸ் போட்டுவிட்டுப் போனார். பத்து நாளில் பழையபடி. இரண்டாம் தடவை வந்தவர், "கரண்ட் ஏறி இறங்கினதால வந்த பழுது, வாரண்டியில வராது" என்று 38,000 கேட்டார். மூன்றாம் தடவை ரீச்சர் கிளினிக்கில் வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து வந்து, 'வீட்டில் ஆள் இல்லை' என்று பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது பிரிட்ஜைக் கடைக்குக் கொண்டு வரட்டுமாம். "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். இன்சுலினைப் பக்கத்து வீட்டில் வைத்து எடுக்கிறார். 38,000த்தைக் கட்டுவதா, மாற்றித் தரும்படி கேட்க உரிமை உண்டா என்பதுதான் கேள்வி.

ரீச்சர், அந்தக் காசைக் கட்டாதீர்கள். மாற்றித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமைக்கு ஒரு நாட்கணக்கு இருக்கிறது, அதுதான் இப்போது என்னை அவசரப்படுத்துகிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள். விற்ற பொருள் அதற்குக் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றதாக இல்லையென்றால் அதிகாரசபை விசாரித்து, நட்டஈடு கொடுக்கும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, காசைத் திருப்பிக் கொடுக்கும்படியோ கட்டளையிடலாம். அதே பிரிவு, முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கணக்கு பழுது வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, பில்லில் உள்ள திகதியிலிருந்து ஓடுகிறது. உங்கள் பில் ஏப்ரல் 8. நான் இதை எழுதுவது ஜூன் 17. இருப்பது மூன்று கிழமை. "அடுத்த கிழமை ஆள் அனுப்புறம்" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு காத்திருந்தீர்களே, அந்த நாட்களெல்லாம் உங்கள் கணக்கிலிருந்துதான் போயின. தொலைபேசியில் எத்தனை தடவை சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது முறைப்பாடு ஆகாது.

கரண்ட் கதைக்கு வருவோம். உங்கள் கையிலுள்ள கடதாசிகளிலேயே இதற்கு மறுமொழி இருக்கிறது. முதல் தடவை வந்தவர் விட்டுப்போன வேலைத் தாளின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். அதில் 'காஸ் குறைவு, நிரப்பப்பட்டது' என்று எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறார். பிரிட்ஜில் காஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுவது அது. புதுப் பெட்டியில் ஐந்து கிழமையில் குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. நிரப்பிய பிறகும் பத்து நாளில் குளிர் போனதென்றால், கசிவை அடைக்காமலே நிரப்பியிருக்கிறார்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் கொம்பிரஸர் சுற்று எரியலாம், கட்டுப்பாட்டுப் பலகை போகலாம், குழாய் கசியாது. கரண்ட்தான் காரணம் என்பவர் எந்த உறுப்பு எரிந்தது, எதை வைத்து அளந்தார் என்று எழுதித் தரட்டும். வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டாலே பலருடைய பேச்சு மாறிவிடுவதை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"பத்து வருட வாரண்டி" என்று பெட்டியில் பெரிதாக ஒட்டியிருந்ததையும் சொல்லியிருந்தீர்கள். அட்டையைப் படித்தேன். பத்து வருடம் கொம்பிரஸர் என்ற ஒரு உறுப்புக்கு மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வருடம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆனால் உங்களுக்கு அந்த ஒரு வருடமே தாராளமாகப் போதும், நீங்கள் இன்னும் மூன்றாம் மாதத்தில்தான் நிற்கிறீர்கள்.

பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள் போல. நிறம் பிடிக்கவில்லை, சிறியதாகப் போய்விட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவருக்கு அதைக் காட்டட்டும். பழுதான பொருளுக்குக் கொடுத்த உத்தரவாதத்தை அந்த ஒரு வரி கரைத்துவிடாது. கழிவு விலையில் எடுத்தாலும் இதே நிலைதான். அதேபோல "கம்பனியிடம் கேளுங்கள்" என்பதும் செல்லாது. சட்டம் உற்பத்தியாளரையும் வர்த்தகரையும் சேர்த்தே சொல்கிறது. காசை வாங்கிப் பில் தந்தது கடை. உங்கள் ஒப்பந்தம் கடையோடு.

இனி, தனியாக இருப்பதால் உங்களுக்கு வந்த சங்கடங்கள். இதை நீங்கள் கடிதத்தின் கடைசியில், வெட்கப்படுவதுபோல் இரண்டு வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது.

முன்பின் தெரியாத இரண்டு பேரை, நேரமும் சொல்லாமல் வரும்போது, தனியாக இருக்கும் வீட்டுக்குள் விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: 'வெள்ளி காலை 9 முதல் 12 வரை வீட்டில் இருப்பேன். வருபவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் முதல்நாள் அறியத் தரவும்.' அதன் படத்தை எடுத்து வையுங்கள். 'வீட்டில் ஆள் இல்லை' என்ற பதிவுக்கு அதுவே பதிலாகிவிடும். கிளினிக் கொப்பியில் அன்றைய திகதி இருக்குமே, அந்தப் பக்கத்தையும் பிரதி எடுங்கள். திருத்துநர் வரும் நேரம் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டால் துணைக்குத் துணையும் ஆச்சு, சாட்சிக்குச் சாட்சியும் ஆச்சு. வேலை முடிந்ததும் 'திருத்தப்பட்டது, திருப்தி' என்ற இடத்தில் கையொப்பம் கேட்பார்கள். ஒரு இரவு ஓடிப் பார்க்காமல் அதில் வைக்காதீர்கள். 'பரிசோதிக்க வந்தார்' என்று உங்கள் கையால் எழுதி, திகதி போட்டு வையுங்கள்.

பிரிட்ஜை எங்கும் கொண்டுபோக வேண்டாம். லொறி பிடித்து, இரண்டு பேருக்குக் கூலி கொடுத்து, யாராவது அதைச் சரித்துப் படுக்கவைத்தால் கொம்பிரஸர் எண்ணெய் குழாய்க்குள் இறங்கிவிடும். அப்புறம் "நீங்கள் கொண்டுவந்தபோது பழுதானது" என்று புதிய கதை தொடங்கும். வேண்டுமானால் அவர்களே வந்து, பற்றுச்சீட்டு எழுதித் தந்துவிட்டு எடுத்துப் போகட்டும்.

சான்றுக்கு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பிரிட்ஜுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, தண்ணீர்க் கிளாஸில் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் கதவைத் திறந்தவுடன் பார்த்து ஒரு கொப்பியில் திகதி, நேரம், பாகை என்று எழுதுங்கள், படமும் எடுங்கள். ஐந்து நாள் போதும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டியது. வெக்கையான கச்சான் காற்று வீசும் இந்த மாதத்தில் உங்கள் பெட்டிக்குள் 15 பாகை என்றால், விசாரணையில் இருப்பவருக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. பழுதாகி வீசிய இன்சுலினுக்குப் பில் இருந்தால் அதையும் சேருங்கள்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். கிழக்கு மாகாணத்தில் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு உங்களுக்குத் தந்த உரிமை. நாற்பது வருடம் கட்டுரை திருத்திய உங்களுக்கு நான் வசனம் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் மையமான பகுதி இப்படி இருக்கட்டும்:

'ஏப்ரல் 8ஆம் திகதி மேற்படி கடையில் 172,000 ரூபாவுக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டி மே 12ஆம் திகதியிலிருந்து குளிரவில்லை. ஒரு தடவை காஸ் நிரப்பியும் பத்து நாளில் அதே பழுது வந்தது. கொடுத்த உத்தரவாதத்துக்கு இப்பொருள் ஏற்றதாக இல்லை. ஆகவே பொருளை மாற்றித் தரும்படியோ, முழு விலையையும் திருப்பித் தரும்படியோ கட்டளையிடுமாறு சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் கேட்டுக்கொள்கிறேன்.'

172,000 என்று எழுதச் சொன்னதைக் கவனியுங்கள். காசைத் திருப்பித் தர நேர்ந்தால் கடைக்காரர் 165,000த்தைத்தான் எண்ணுவார். பழைய பிரிட்ஜை 7,000 பெறுமதிக்கு அவர்தான் எடுத்தார். அதுவும் நீங்கள் கொடுத்த விலையின் பங்கு.

இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கட்டளை வந்தும் கடை பணியாவிட்டால், அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம்போல அறவிடச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஏதோ காரணத்தால் மூன்று மாதம் தவறிப்போனாலும் எல்லாம் முடிந்ததென்று இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இந்த அளவுத் தொகையென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், அங்கே தீராவிட்டால்தான் மாவட்ட நீதிமன்றம். அது நீண்ட பாதை. உங்களை அதில் நடக்கவிட எனக்கு விருப்பமில்லை.

மகளின் கடனட்டையில் தவணை போட்டதாக எழுதியிருந்தீர்கள். கோபத்தில் தவணையை நிறுத்தச் சொல்லாதீர்கள். வட்டிதான் ஏறும்.

முதல் வேலையாக அந்தப் பில்லை இன்றைக்கே போட்டோப்பிரதி எடுங்கள். வெப்பத்தாளில் அடித்தது, இப்போதே மங்கத் தொடங்கியிருப்பது படத்தில் தெரிகிறது. முறைப்பாட்டில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலப்பிரதியோடு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள். இடம் தெரியாவிட்டால் 1977க்கு எடுத்துக் கேட்கலாம். உங்கள் கையில் வைத்திருக்கும் பிரதியில் 'கிடைத்தது' என்று திகதி முத்திரை குத்தி வாங்காமல் அங்கிருந்து வெளிக்கிட வேண்டாம்.