ட்ரோன் ஆசைக்கு நகையை அடகு வைக்கலாமா?

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: மகள் மாநகராட்சிப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள், ட்ரோன் என்றால் உயிர். மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏரோநாட்டிகல் சேர்த்தால்தான் கௌரவம் என்கிறார் பெரியப்பா. ஆண்டுக்கு 3 லட்சம். நகையை வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு, மாநகராட்சிப் பள்ளியில் படித்தவளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். கிடைக்காமல் போனாலும், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான கட்டணச் சலுகை இருக்கிறது. மேனேஜ்மென்ட் சீட்டு வாங்கினால் இரண்டும் போச்சு. நாலு வருஷத்தில் 12 லட்சம். அதை அடைக்கப்போவது பெரியப்பா இல்லை.

ட்ரோன் பைலட் சான்றிதழுக்கான பயிற்சியில் சேரப் பத்தாவது தேர்ச்சியும் 18 வயதும் போதும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்பு) அல்லது இஇஇ (எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ்) எடுக்கட்டும். படிக்கும்போதே பழக வேண்டியது யாரும் கண்டுகொள்ளாத ஒரு வேலை: ரிக்வயர்மென்ட்ஸ் இன்ஜினியரிங். ட்ரோன் என்ன செய்தாக வேண்டும் என்பதைச் சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியங்களாக எழுதித் தருவதுதான் இந்த வேலை.

உங்கள் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். 'காணாமல்போன படகைக் கண்டுபிடி' என்பது தலைக் குறிக்கோள். 'எப்படி?' என்று கேட்டு அதைக் கீழே பிரிக்க வேண்டும்: இடத்துக்குப் போ, தேடு, அடையாளம் காண், கரைக்குச் சொல், திரும்பி வா. 'ஏன்?' என்று கேட்டால் மேலே ஏறலாம். இப்படிக் கிளை பிரிந்து கடைசியில் நிற்கும் சிறு குறிக்கோள்தான் நுனி. ஒவ்வொரு நுனியும் ஒரே பொறுப்பாளரிடம் போய்ச் சேரும்வரை பிரிக்க வேண்டும். ட்ரோனின் மென்பொருளிடம் சேர்ந்தால் அதன் பெயர் 'தேவை' (ரிக்வயர்மென்ட்). இயக்குபவரிடம் சேர்ந்தால் வெறும் எதிர்பார்ப்பு, ஏனென்றால் மனிதர் மறந்துவிடலாம்.

அடுத்து, ஒவ்வொரு நுனியையும் எது கெடுக்கும் என்று தேடுவது. 'பாதி பேட்டரியில் திரும்பு' என்று எழுதினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ட்ரோனின் வேகம் நொடிக்கு 15 மீட்டர், காலையில் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோமீட்டர் போக 4 நிமிடம். எதிர்காற்றில் திரும்ப 9 நிமிடத்துக்கு மேல். பாதி பேட்டரி தீரும்வரை போனால் ட்ரோன் கடலில்தான். எனவே தேவையை இப்படி எழுத வேண்டும்: 'மீதமுள்ள மின்சாரம், தற்போதைய தூரத்துக்கும் காற்றுக்கும் திரும்பத் தேவையானதோடு 20 சதவீதக் கூடுதலைத் தொட்டதும் திரும்பத் தொடங்க வேண்டும்.' அந்த 20க்கும் காரணம் எழுதியாக வேண்டும்; இல்லாவிட்டால் பெரிய கேமரா மாட்டும் நாளில் யாராவது அதைக் குறைத்துவிடுவார்கள்.

2021 ட்ரோன் விதிகளின்படி நானோ, மாடல் வகைகள் போன்ற விலக்குகள் தவிர மற்றவற்றுக்கு டைப் சர்டிபிகேட், அதாவது அந்த ட்ரோன் மாதிரி தரத்துக்கு ஏற்றது என்ற சான்று, வேண்டும். எதைச் சோதித்தோம், ஏன் சோதித்தோம் என்று காட்டும் இந்த எழுத்து அங்கே கை கொடுக்கும். முதல் வேலை பெரும்பாலும் டெஸ்டிங்கில்தான் கிடைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரோன் கம்பெனி அமையாவிட்டால் ஒரகடம் பக்கக் கார் கம்பெனிகளுக்கும் இதே திறமை தேவை.

பள்ளி ட்ரோன் விழுந்தபோது ஏன் விழுந்தது என்று மகள் இரண்டு பக்கம் எழுதினாள் என்கிறீர்கள். பெரியப்பா கண்ணில் படாதது அதுதான். முடிவை அவளிடம் விடுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்றையும் பள்ளியில் கேட்டு வாங்கிவிடுங்கள்.